பேரிங்கின் மேல் ஐம்பது காசு

என்னைப் பயந்தாங்கொள்ளி என்று என் கணவர் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். கரப்பான் பூச்சிக்கு நான் பயந்ததில்லை. ஃபெடரல் ஹைவேயில் லோரிகளுக்கு நடுவே மழையில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவள். எனக்கு இருக்கும் பயம் ஒன்றே ஒன்று, சுற்றுகிற இயந்திரம். அந்தப் பயத்தை வைத்துத்தான் இத்தனை வருடமாகப் பிழைப்பு நடத்துகிறேன்.

என் வேலை இதுதான். நீராவியால் சுற்றும் பெரிய டர்பைன்களில் தண்டைத் தாங்கும் பேரிங் ஒவ்வொன்றிலும் ஒரு சென்சார் இருக்கும். தண்டு எவ்வளவு அதிர்கிறது என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். அதைக் கேட்பதற்கென்று கண்ட்ரோல் ரூமில் ஒரு பெட்டிக்குள் கார்டுகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும், பேரிங்குக்கு ஒரு கார்டு. அதிர்வு அளவு மீறினால் கார்டு யாரையும் கேட்காது, தானே இயந்திரத்தை நிறுத்திவிடும். நிறுத்தாவிட்டால் என்ன ஆகும் என்று பயிற்சியில் ஒரு படம் காட்டினார்கள். உடைந்த தண்டு சுவரைத் துளைத்துக்கொண்டு போயிருந்தது. ஓட்டை வழியாக வானம் தெரிந்தது. அன்று மதியம் என்னால் சோறு சாப்பிட முடியவில்லை.

கார்டுகளுக்கும் வயதாகும். தயாரித்த கம்பெனி அந்த ரகத்தையே நிறுத்திவிட்டிருக்கும். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்ட செராஸில் இருக்கும் எங்கள் ஆபீஸிலிருந்து என்னை அனுப்புவார்கள். அப்படித்தான் பல வருடங்களுக்கு முன் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு பாமாயில் சுத்திகரிப்பு ஆலைக்கு முதல் முறை போனேன். அங்கே டர்பைன் ஓட்டிக்கொண்டிருந்தவர் காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு கொடுத்தார். அடுத்த வருடம் தாலி கட்டினார். பஞ்சோடு நிறுத்தியிருக்கலாம் என்று இன்றைக்கும் சொல்லிக்காட்டுவேன்.

கிள்ளானில் வீடு. அவர் அதே ஆலையில், அதே டர்பைனில். போன வருடம் அந்த டர்பைனின் கார்டுகளை மாற்றும் வேலை எங்கள் ஆபீஸுக்கே வந்தது, ஆபீஸில் எனக்கே வந்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் ஆலை மேலிடம் ஒரு நிபந்தனை போட்டது. இயந்திரத்தை நிறுத்த மாட்டார்களாம். ஓடும்போதே மாற்ற வேண்டுமாம்.

மாற்றலாம், முடியாதது இல்லை. பெட்டியில் ஒரு சாவி உண்டு. அதைத் திருப்பிவிட்டால் கார்டுகளால் இயந்திரத்தை நிறுத்த முடியாது. அதன் பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றலாம். ஆனால் சாவி திருப்பியிருக்கும் நேரம் முழுக்க இயந்திரம் காவல் இல்லாமல் ஓடும். அதனால் ஓர் ஆள் இயந்திரத்தின் பக்கத்திலேயே, சிவப்பு பட்டன் கைக்கு எட்டும் இடத்தில், நிற்க வேண்டும். அந்த ஆலைக்காரர்களுக்கு இதில் ஒரு வழக்கம் இருந்தது. பழைய ஐம்பது காசு ஒன்றை பேரிங் மூடியின் மேல் விளிம்பில் நிறுத்தி வைப்பார்கள். காசு நின்றால் இயந்திரம் நன்றாக ஓடுகிறது. விழுந்தால் பட்டனை அழுத்து. புதுக் காசு சின்னது, பிடித்து நிறுத்த வராது என்று என் கணவர் பழைய காசு ஒன்றை லாக்கரில் பத்திரமாக வைத்திருந்தார்.

நிற்கப் போவது அவர்தான் என்று வேலைக்கு முந்தின நாள்தான் எனக்குத் தெரிந்தது. மறுநாள் காலையில் தோசையைத் தட்டில் போட்டுவிட்டு நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வேற யாராவது நிக்கட்டுமே. உடம்பு சரியில்லன்னு எம்சி போட்டுடுங்க."

"அந்த மெஷின் எனக்குத்தான் தெரியும். நீ சாப்பிடு."

"எனக்குப் பசிக்கல."

"அப்ப இங்க தள்ளு." என் தோசையையும் அவரே சாப்பிட்டார்.

கண்ட்ரோல் ரூமில் கார்டுப் பெட்டி பின் வரிசையில் இருந்தது. அங்கே நின்றால் இயந்திரத்தைப் பார்க்கும் கண்ணாடி தெரியாது. கண்ணாடிக்கு வர வேண்டுமென்றால் மேஜைகளைச் சுற்றி முன்னால் வர வேண்டும். என் பக்கத்தில் ஆலை என்ஜினியர் நின்றார். தமிழ்நாட்டிலிருந்து வந்து கொஞ்ச மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவருக்கும் வேர்த்திருந்தது. மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

நான் சாவியைத் திருப்பினேன். வாக்கி-டாக்கியில் அவரைக் கூப்பிட்டேன்.

"ஒண்ணாம் நம்பர் கழட்டப் போறேன். காசு வச்சாச்சா?"

"ஒண்ணுல வச்சாச்சு. நிக்குது. கழட்டு."

பழைய கார்டு பல வருடத் தூசியோடு வெளியே வந்தது. புதியதை உள்ளே தள்ளினேன். விளக்குகள் எரிந்தன, எண் வந்தது. வந்த எண்ணை இரண்டு முறை படித்தேன். பழைய கார்டு காலையில் காட்டியதைவிடப் பல மடங்கு அதிகம். நிறுத்தும் அளவைத் தாண்டியிருந்தது. சாவி மட்டும் திருப்பாமல் இருந்திருந்தால் அந்த நொடியே இயந்திரம் நின்றிருக்கும்.

"சென்சார் ஒயர் லூஸா இருக்கும் மேடம். மாட்டறப்ப அசைஞ்சிருக்கும்," என்றார் என்ஜினியர். அது நடக்கக்கூடியதுதான். நானே பல இடங்களில் பார்த்திருக்கிறேன். ஒயரை இறுக்கினேன். எண் இறங்கவில்லை. கொஞ்சம் ஏறியது.

"ஒண்ணு எப்படி இருக்கு?" என்று வாக்கியில் கேட்டேன்.

"கல்லு மாதிரி நிக்குது லா. ஏன்?"

"பாத்தீங்களா. கார்டுலதான் ஏதோ கோளாறு. புதுசுன்னா இப்படித்தான் இருக்கும் மேடம், செட்டிங் பாருங்க," என்றார் என்ஜினியர்.

எனக்கும் அதை நம்ப ஆசையாக இருந்தது. நம்பினால் பயப்பட வேண்டியதில்லை. செட்டிங்கைத் திறந்தேன், எல்லாம் சரியாக இருந்தது. எண் இன்னும் ஏறியது. கார்டு ஒன்று சொல்கிறது, காசு ஒன்று சொல்கிறது, நடுவில் என் புருஷன் நிற்கிறார். ஸ்க்ரூ டிரைவரைப் பெட்டி மேல் வைத்துவிட்டு வாக்கியை எடுத்தேன்.

"நல்லா பாத்தீங்களா? காசு கொஞ்சம்கூட ஆடலயா?"

"பொட்டுக்குப் பக்கத்துலயே வச்சிருக்கேன். அசையவே இல்ல. நீ பயப்படாத."

பொட்டு என்று அவர் சொன்னதும்தான் எனக்கு விஷயம் உறைத்தது.

அந்த ஆலையில் வருடா வருடம் ஆயுத பூஜை செய்வார்கள். டர்பைனுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். சுவர்ப் பக்கம் ஆவிக் குழாய்கள் நெருக்கமாக இருப்பதால் அங்கே சூடு தாங்காது, யாரும் போக மாட்டார்கள். அதனால் கதவுப் பக்கம் இருக்கும் பேரிங் மூடியில் பொட்டு வைப்பார்கள். பொட்டு வைத்த பேரிங்தான் அவர்களுக்கு ஒன்றாம் நம்பர். அங்கிருந்து சுவரை நோக்கி இரண்டு, மூன்று, நான்கு. நான் படம் பார்த்து வேலை செய்கிறவள். படத்தில் எண் சுவர்ப் பக்கத்தில், ஆவி நுழையும் முனையில், தொடங்குகிறது. கார்டுகளும் அந்தக் கணக்கில்தான். அவர் காசு வைத்த ஒன்று எனக்கு நான்கு. என் கார்டு அலறுகிற ஒன்று, அந்த ஆலையில் ஒருவரும் எட்டிக்கூடப் பார்க்காத மூலையில் இருந்தது.

"என்னங்க. சுவத்துப் பக்கம் போங்க. கடைசி பேரிங்ல காசு வச்சுப் பாருங்க." சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் நான் அவரை எங்கே அனுப்புகிறேன் என்பது மண்டையில் ஏறியது. சிவப்பு பட்டன் இருப்பது கதவுப் பக்கம். கெட்டுப்போன பேரிங் இருப்பது சுவர்ப் பக்கம். "வேணாம், போகாதீங்க," என்று கத்தினேன். பதில் இல்லை. அவர் நடக்கத் தொடங்கியிருப்பார். அந்த இரைச்சலுக்குள் வாக்கி கேட்டிருக்காது.

பிறகு அவர் குரல் வந்தது, மூச்சு வாங்கிக்கொண்டு.

"காசு நிக்க மாட்டேங்குது. கைய வைக்க முடியல, இங்க எல்லாம் ஆடுது."

என்ஜினியர் என் முகத்தைப் பார்த்தார். நான் அவரைக் கேட்கவில்லை. சாவியைத் திரும்பப் பழைய இடத்துக்குத் திருப்பினேன். காவல் திரும்ப வந்ததும் கார்டு தன் வேலையைச் செய்தது. ஆவி வால்வு மூடிய இடி கண்ட்ரோல் ரூம் தரை வழியாகக் காலில் ஏறியது. விளக்குகள் அணைந்து எரிந்தன.

நின்றுவிட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். டர்பைன் உடனே நிற்காது. வேகம் குறையும் வழியில் ஒரு குறிப்பிட்ட வேகத்தைக் கடக்கும்போது ஆட்டம் இன்னும் அதிகமாகும். நல்ல இயந்திரமே அந்த இடத்தில் உதறும். இது எப்படி உதறும் என்று எனக்குத் தெரியும், அதற்குப் பக்கத்தில் யார் நிற்கிறார் என்றும் தெரியும். வாக்கியில் கூப்பிட்டேன், கூப்பிட்டேன், கர்ர் என்ற சத்தம் மட்டும் வந்தது. அந்தச் சுவர் ஓட்டையும் வானமும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. நான் ஓடினேன். என்ஜினியர் "மேடம், உள்ள போகாதீங்க" என்று பின்னால் ஓடிவந்தார்.

கதவைத் திறந்தபோது இரும்புப் படிகள் கைப்பிடியோடு ஆடிக்கொண்டிருந்தன. எங்கோ ஏதோ தகடு கழன்று தடதடவென்று அடித்தது. நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்போது எனக்குச் சாமிகூட நினைவுக்கு வரவில்லை. அவர் காலையில் சாப்பிட்ட என் தோசைதான் நினைவுக்கு வந்தது. பிறகு அந்த உதறல் மெல்லத் தணிந்தது. இரைச்சல் இறங்கி, முனகலாகி, கடைசியில் தண்டு சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

அவர் ஒரு காங்கிரீட் தூணுக்குப் பின்னால் குந்தியிருந்தார். இரண்டு கையாலும் காதைப் பொத்தியிருந்தார். வாக்கி தூரத்தில் கிடந்தது. முகமெல்லாம் எண்ணெய்.

"காசக் காணோம்," என்றார்.

நான் அவர் ஹெல்மெட்டில் ஓர் அடி போட்டேன். பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, என்ஜினியர் பார்க்கிறார் என்பதையும் பொருட்படுத்தாமல் அழுதேன். அவர் என் முதுகில் கை வைத்தார். அந்தக் கை நடுங்கியது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் கை நடுங்கி நான் பார்த்ததில்லை. நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் அதைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

அந்த பேரிங்கைத் திறந்து பார்த்தபோது உள்ளே உலோகம் தேய்ந்து உருகி வழிந்திருந்தது. பழைய கார்டு எப்போதோ செத்துப்போய், ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. ஆடாத எண்ணைப் பார்த்து எல்லோரும் இயந்திரம் அமைதியாக ஓடுகிறது என்று நிம்மதியாக இருந்திருக்கிறார்கள். எத்தனை காலமாக என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அவர் தினமும் அதே ஹாலில் நின்றுதான் டிபன் பாக்ஸைத் திறந்திருக்கிறார். அதை நினைத்து நினைத்துப் பல நாள் எனக்குத் தூக்கம் கெட்டது.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில், கிள்ளான் ஜாமில் கார் நின்றபோது, அவர் முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"நீ சாவியத் திருப்பலன்னா?"

"திருப்பிட்டேன்ல. ரோட்டப் பாருங்க."

மிச்சக் கார்டுகளை ஓடும்போதே மாற்றச் சொல்லி மேலிடம் கேட்கவில்லை. என்ஜினியர் நேராகப் போய்ப் பேசிவிட்டு வந்தார். இயந்திரம் நிற்கும், பேரிங் மாற்றும் வரை நிற்கும், அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள் என்றார். அந்த வேலைக்குப் போன அன்று டர்பைன் ஹாலில் ஒரு சத்தமும் இல்லை. எங்கோ குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது. சாவியைத் திருப்ப வேண்டிய தேவைகூட இல்லை. இரண்டாவது கார்டை மாட்டிவிட்டு, தண்ணீர் குடிக்க முன்னால் வந்தவள் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன்.

அவர் சிவப்பு பட்டன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், ஹெல்மெட்டோடு, காதில் பஞ்சோடு. வாக்கியை எடுத்தேன்.

"என்னங்க, மெஷின்தான் நிக்குதே. அங்க என்ன பண்றீங்க?"

"வேற காசு ஒண்ணு வச்சிருக்கேன். சுவத்துப் பக்கம். நிக்குது."

"ஓடாத மெஷின்ல காசு நிக்காம என்ன செய்யும்?"

அவர் நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தார்.

"நீ உள்ள கார்டக் கழட்டுற. நான் வெளிய வேற எங்க போறது?"

பின் வரிசைக்குப் போய் அடுத்த கார்டைப் பிடித்தேன். நின்றுபோன இயந்திரம்தான், இருந்தும் அவரை அங்கிருந்து போகச் சொல்லவில்லை.