கொலனிக்கடை மரியமலர்

மரியமலருக்கு ஜெர்மனியில் பெரிய ஆசைகள் இல்லை. தன் பெயர் ஒரு சுவரில் தமிழில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கேட்டவர்கள் சிரித்தார்கள். வீட்டுக்கு ஆசைப்பட்டால் வங்கிக்குப் போகலாம். பெயருக்கு ஆசைப்பட்டால் எங்கே போவது?

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. எண்பதுகளின் நடுவில் ஓடிவந்து அகதி மனுக் கொடுத்த அன்றைக்கே அவள் பெயர் தொலைந்துபோனது. கணவன் நித்தியானந்தனின் பெயரைக் குடும்பப் பெயர் என்று எழுதினார்கள். அது இந்த நாட்டுக்காரர் வாயில் நுழையவில்லை. வைத்தியசாலைச் சமையலறையில் அவளோடு வேலை செய்தவர்கள் ஒரு கிழமை முயன்று பார்த்துவிட்டு, முதல் எழுத்தை மட்டும் வைத்து ‘ஃப்ராவ் என்’, அதாவது திருமதி என், என்று கூப்பிடத் தொடங்கினார்கள். இளமை முழுவதையும் அவள் ஒற்றை எழுத்தாக நின்று உருளைக்கிழங்கு உரித்தே கழித்தாள். கோபம் வராமலில்லை. வந்த கோபமெல்லாம் உருளைக்கிழங்கின் மேல் போனது.

இரண்டாயிரத்து மூன்றில் அவளுக்கு ஒரு வழி பிறந்தது. எசன் நகரத்துக்கு வடக்கே ஒரு சின்ன நகரத்தில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்காகக் கட்டிய பழைய குடியிருப்பின் மூலையில், ஒரு கடை காலியானது. மரியமலர் வேலையை விட்டுவிட்டு அதை வாடகைக்கு எடுத்தாள். முந்திய கடைக்காரர் மாட்டிவிட்டுப் போன பிளாஸ்ரிக் பலகையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் தன் பெயரை எழுதச் சொல்லி அன்ரனைப் பிடித்தாள். அன்ரன் ஊர்ப் பொடியன்தான். சின்ன வயதில் இங்கே வந்து, முறைப்படி பெயின்ரர் வேலை படித்தவன்.

பலகை கழன்றதும் உள்ளே சுவரில் பெரிய கறுப்பு எழுத்துகள் தெரிந்தன. அன்ரன் ஏணியில் நின்றபடியே உரக்க வாசித்தான்.

“கொலொனியால்வாரன்.”

மரியமலர் கீழே நின்று திகைத்துப்போனாள். அவள் காதில் விழுந்தது சுத்தமான தமிழ். கொலனியால வாறன்! கொலனியிலிருந்து வருகிறேன் என்று ஜெர்மன் சுவர் யாழ்ப்பாணத் தமிழில் சொல்கிறது. அவளுக்கு அது பொருந்தியும் வந்தது. அவளுடைய தகப்பனுக்கு அரசாங்கம் வன்னியில் காணி கொடுத்துக் குடியேற்றிய இடத்தைக் கொலனி என்றுதான் சொல்வார்கள். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கொலனிப் பெட்டை என்று பட்டமே இருந்தது. இங்கேயும் பழைய சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் குடியிருப்பைக் ‘கொலொனி’ என்றார்கள். வாரன் என்றால் ஜெர்மனில் சாமான் என்பது அவளுக்குத் தெரியும். ஆக, கொலனிச் சனத்துக்குச் சாமான் விற்ற கடை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

“உதை அழிக்காதை தம்பி,” என்றாள். “உதுக்கு மேல என்ர பெயரை எழுது.”

கடை திறந்தது. எசனிலிருந்தும் கொலோன் நகரத்திலிருந்தும் முருங்கைக்காய்க்கு வந்த தமிழ்ச் சனம் அதைக் கொலனிக்கடை என்றே அழைத்தது. பெயர் எழுதுவதற்குள் நகரசபையிலிருந்து ஹோல்ஷர் என்ற அம்மா வந்து சேர்ந்தார். பழைய கட்டிடங்களைப் பாதுகாப்பது அவருடைய உத்தியோகம். சுவரைப் பார்த்ததும் பேரப்பிள்ளை பிறந்த மாதிரிச் சந்தோஷப்பட்டார். பிறகு சட்டத்தைச் சொன்னார். அந்த எழுத்தை அழிக்கக் கூடாது, மறைக்கக் கூடாது, அந்த முகப்பில் புதிதாக ஓர் எழுத்தும் சேர்க்கக் கூடாது.

“என்ர பெயர்?” என்று கேட்டாள் மரியமலர்.

“கதவுக்குப் பக்கத்தில் அழைப்புமணி இருக்கிறதே, அதில் எழுதலாம்,” என்றார் அம்மா.

அழைப்புமணியில் ஏற்கெனவே இருந்தது நித்தியானந்தனின் பெயர்.

குளிர்காலத்தில் மகள் சாரங்கா வரலாற்றுப் பாடத்துக்கு ஓர் உரை தயாரித்தாள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பிய நாடுகள் உலகத்தைப் பிடித்ததன் காரணங்களும் விளைவுகளும் என்பது தலைப்பு. கடையில் ஆளில்லாத நேரம் பார்த்துத் தாய்க்கு வாசித்துக் காட்டினாள். நடுவில் நிறுத்தி, “அம்மா, எங்கட சுவரில இருக்கிறது உங்கட கொலனி இல்லை,” என்றாள். “பிடிச்ச நாடுகள். அங்கயிருந்து வந்த கோப்பி, தேயிலை, கொக்கோ, கறுவா விக்கிற கடைக்குத்தான் அந்தப் பெயர்.”

“ஏன் பிடிச்சவை?”

“இஞ்ச தொழிற்சாலை கூடிப்போச்சு. அதுக்கு மூலப்பொருள் வேணும். செய்த சாமானை வாங்க ஆக்கள் வேணும். மற்றது, இங்கிலாந்தும் பிரான்சும் பிடிச்சிட்டினம், நாங்கள் பிடிக்காட்டி மரியாதை இல்லை எண்டும் ஒரு காரணம்.”

“பக்கத்து வீட்டுக்காரி சங்கிலி வாங்கினா மாதிரியோ?”

“கிட்டத்தட்ட அப்பிடித்தான்.”

“அதுக்குப் பிறகு என்ன நடந்தது?”

சாரங்கா புத்தகத்தின் ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். ஜெர்மனி பிடித்து வைத்திருந்த தென்மேற்கு ஆபிரிக்காவில் எடுத்த படம். கழுத்தில் சங்கிலி போட்டு வரிசையாக நிறுத்திய மனிதர்கள். விலா எலும்புகள் தெரிந்தன. காணியைப் பிடித்தார்கள், எதிர்த்தவர்களைப் பாலைவனத்துக்குள் துரத்திவிட்டார்கள் என்றாள் சாரங்கா. சனத்தைத் துரத்துவது எப்படி நடக்கும் என்று மரியமலருக்கு யாரும் படம் போட்டுக் காட்டத் தேவையில்லை. ஒரு கோப்பை கோப்பிக்கு இவ்வளவும் செய்வார்களா என்று ஆத்திரம் வந்தது.

“எங்கட பக்கம்?”

“இங்கிலீஷ்காரன் மலைநாட்டில காட்டை வெட்டித் தேயிலை நட்டான். கொழுந்தெடுக்க இந்தியாவில இருந்து சனத்தைக் கொண்டுவந்தான். அந்தத் தேயிலையும் இஞ்ச, இந்த எழுத்துக்குக் கீழதான் வித்திருக்கும்.”

மரியமலர் தட்டில் அடுக்கியிருந்த சிலோன் தேயிலைப் பெட்டிகளைப் பார்த்தாள். “அப்ப சுவர் பொய் சொல்லேல்லை,” என்றாள். “தேயிலையும் கொலனியால வந்தது. நானும் கொலனியால வந்தனான். தேயிலையிட்ட மட்டும் ஒருத்தரும் ஏன் வந்தனீ எண்டு கேக்கேல்லை.”

அடுத்த நாளே ஹோல்ஷர் அம்மாவிடம் நேரம் குறித்து வாங்கிப் போனாள். அந்தச் சொல்லின் அர்த்தம் தனக்கு இப்போதுதான் தெரியும், அதை அழிக்க வேண்டும் என்றாள். அம்மாவுக்கு முகம் வாடியது. தனக்கும் அந்தச் சரித்திரம் வெட்கமாகத்தான் இருக்கிறது என்றார். ஆனால் வெட்கமும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டதுதான் என்றார். பிறகு ஆறுதலுக்காக ஒரு பழைய புகைப்படத்தை எடுத்துக் காட்டினார். அந்தக் காலத்தில் எழுத்துக்கு மேலே வில் மாதிரி ஒரு பூங்கொடி வரைந்திருந்தது. புதிய எழுத்துக்குத்தான் தடை. அழிந்துபோன அலங்காரத்தைத் திரும்ப வரைவதற்கு இல்லை.

மரியமலர் அந்தக் கொடியைக் கண்கொட்டாமல் பார்த்தாள். வளைந்தது, சுழித்தது, மடங்கி மேலே ஏறியது. இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தாள். பாலர் வகுப்பில்தான், அ, ஆ எழுதிப் பழகிய சிலேட்டில்.

அன்ரனிடம் விஷயத்தைச் சொன்னபோது அவன் தலையைச் சொறிந்தான். “அக்கா, பிடிபட்டா என்ர லைசென்ஸ் போயிடும். உது களவெல்லோ?”

“என்ன களவு? மலர் எண்டா என்ன?”

“பூ.”

“பூவைக் கீறச் சொல்லித்தானே அவை சொல்லுகினம். கீறு.”

சாரங்கா மனுவை நிரப்பினாள். ‘மலர் அலங்காரம், கொடி வடிவம், பச்சை நிறம்.’ ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அனுமதியும் வந்தது. அன்ரன் இரண்டு நாள் ஏணியில் நின்றான். ‘ம’வின் மடியில் ஒரு மொட்டு வைத்தான். ‘ரி’யின் மேல்வளைவை நீட்டி இலை விட்டான். ‘ய’வைத் தண்டாக்கினான். ‘ல’வின் சுழிக்குள் ஒரு பூவையே மலரவிட்டான். மழை வரும்போல் இருந்ததால் கடைசி எழுத்தை அவசரமாக முடித்துவிட்டு அடுத்த வேலைக்கு ஓடினான்.

மழை வராமல் ஹோல்ஷர் அம்மாதான் வந்தார். புகைப்படத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். கூடாது என்று சொன்னால் சுரண்டி எடுக்க வேண்டும். சுரண்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க மரியமலரால் ஏலாது.

“அழகு,” என்றார் அம்மா. “பழைய கொடியை விட உயிரோடு இருக்கிறது. இது எந்த ஊர்ப் பூ?”

“சிலோன்.”

“இந்தச் சுவருக்குப் பொருத்தம்தான். பூவின் பெயர்?”

மரியமலர் ஒரு கணம் யோசித்தாள். “மரியமலர்,” என்றாள்.

அம்மா பேனாவை எடுத்தார். ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொன்னார். சரியா என்று திருப்பி வாசித்தார். ‘ய’ ஒலிக்கு ஒய் போடுவதா, ஜெர்மன் முறைப்படி ஜே போடுவதா என்று கேட்டுத் திருத்தினார். பிறகு வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிழையே இல்லை. இத்தனை வருடத்தில் எந்தக் காரியாலயமும் அவளுக்குக் கொடுக்காத மரியாதை ஒரு செடிக்குக் கிடைத்தது. மரியமலருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இரண்டையும் விழுங்கிக்கொண்டு நின்றாள்.

“இன்றையிலிருந்து இதுவும் பாதுகாக்கப்பட்டது,” என்று அம்மா கைகொடுத்தார். “இனி இதில் ஒரு கோடுகூட யாரும் மாற்ற முடியாது. நீங்களும்தான்.”

அவர் போனதும் மரியமலர் தெருவைக் கடந்து எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றாள். முதல் முறையாகத் தன் பெயரை ஆற அமர வாசித்தாள். வாசித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சுவரில் இருந்தது ‘மரியமலர’. கடைசி எழுத்தின் மேல் புள்ளி இல்லை.

“ஐயோ அக்கா, மழை இருட்டில மறந்துபோனன்,” என்றான் அன்ரன் தொலைபேசியில். “இப்ப வந்து வைக்கட்டோ?”

“பாதுகாத்துப் போட்டினம், தம்பி.”

புதிதாக மனுப் போடலாம் என்றாள் சாரங்கா. பூவுக்கு எதற்குப் புள்ளி என்று கேட்பார்கள், எழுத்து என்று தெரிந்துபோகும், எல்லாவற்றையும் சுரண்டச் சொல்வார்கள் என்றார் நித்தியானந்தன். ஒரு புள்ளிதானே மலர், ஆருக்குத் தெரியப்போகுது, விடு என்றும் சொன்னார்.

“எனக்குத் தெரியும்,” என்றாள் மரியமலர்.

அன்ரன் விட்டுப்போன ஏணியைச் சுவரில் சாய்த்தாள். மிச்சப் பச்சை மை இருந்த டப்பாவை எடுத்தாள். கணவர் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். உயரத்தைக் கண்டால் தலைசுற்றுகிறவள், கீழே பார்க்காமல் ஏறினாள். தூரிகை கொண்டுபோக மறந்துவிட்டாள். பெருவிரலை மைக்குள் தோய்த்து, ‘ர’வின் தலையில் வைத்து அழுத்தினாள்.

கீழிருந்து பார்த்தால் புள்ளி கொஞ்சம் பெரிசு.