இடது தோளுக்குள் வைத்த பஞ்சு

அந்தப் பிள்ளையின் முதுகு வளைகிறது என்பதை முதலில் கண்டவள் நான். கண்டதைத் துணியால் மறைத்தவளும் நான்தான்.

நான் தையற்காரி. புலம்பெயர்ந்து வந்த அஜின்கோர்ட்டில், என் வீட்டு பேஸ்மென்ற்றில் இருபது வருடமாக பிளவுஸ் தைக்கிறேன். அந்தப் பிள்ளை ஆரணிக்கு அப்போது பன்னிரண்டு வயது. பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டுக்கு பிளவுஸ் தைக்கவென்று தாய் ராகினி கூட்டிவந்தாள். அளவு நாடாவைத் தோளில் வைத்தேன்... இடது தோள் முக்கால் அங்குலம் தாழ்ந்திருந்தது. வலது தோள்பட்டை பின்னால் துருத்திக்கொண்டு நின்றது.

தையற்காரிக்கு என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். தெரியும்! முந்தின வருடம் வேறொரு பிள்ளைக்கு, முதுகை நேராகப் பிடிக்கும் பிரேஸுக்கு மேலே போடச் சட்டை தைத்திருந்தேன். "வளருற வயசில கண்டபடியால் பிரேஸோட வளைவை நிப்பாட்டலாமெண்டு டொக்டர் சொன்னவர், அக்கா. பிள்ளையைக் குனியவிட்டுப் பாத்தால் தெரியும்" என்று அந்தத் தாய் சொல்லியிருந்தாள்.

ஆரணியைக் குனிய வைத்தேன். ஊசி விழுந்துவிட்டது, எடுத்துத் தா என்று பொய் சொல்லி... முதுகின் வலப்பக்கம் மட்டும் மேடாக எழும்பியது.

ராகினி பக்கத்தில் நின்று மண்டப அலங்காரத்தைப் பற்றி ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தேன். மூடிவிட்டேன். ஏன்? நல்ல காரியத்துக்கு வந்த பெண்பிள்ளையில் குறை சொன்னவள் என்று பேர் வருமே என்ற பயமா? ஆட்கள் வராமல் விடுவார்கள் என்ற கணக்கா? இரண்டும்தான். குடும்ப டொக்டர் பார்ப்பார்தானே என்று என்னையே ஏய்த்துக்கொண்டேன்.

அளவுக் கொப்பியில் இரண்டு தோளுக்கும் இரண்டு எண் எழுதி, இடது தோளுக்குள் பஞ்சு வைத்தேன். வலது பக்கத் தையலைச் சற்றுத் தளர்த்தினேன். மேடையில் பிள்ளை நேராக நின்றாள்.

"அக்கான்ரை கைக்கு ஒரு ராசி" என்றாள் ராகினி. நான் வெட்கமில்லாமல் சிரித்தேன்.

மூன்று வருடம் கழித்து, போன மாதம் இன்னொரு பிளவுஸ் தைக்கத் தாயும் மகளும் வந்தார்கள். ஆரணியின் முதுகுக்குள் இப்போது ஒப்பரேஷனில் வைத்த கம்பிகள்.

"வளர்த்தி முடியிற நேரந்தான் கண்டுபிடிச்சவை. பிரேஸ் போடுற காலம் போயிட்டுதாம். பெத்த தாய் எனக்கே தெரியேல்லையே, அக்கா" என்று ராகினி அழுதாள். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். வேறென்ன செய்தேன்? ஒன்றுமில்லை.

ஆரணி என் அளவுக் கொப்பியைப் புரட்டித் தன் பக்கத்தைக் கண்டுபிடித்தாள்.

"அன்ரி, என்ர ஷோல்டருக்கு மட்டும் ஏன் ரெண்டு நம்பர்? மற்ற ஆக்களுக்கு ஒண்டுதானே இருக்கு."

"அது பிழையா எழுதினது, பிள்ளை."

அவள் என்னைப் பார்த்தாள்... "ஓகே, அன்ரி" என்றாள். நம்பினாளா? தெரியவில்லை. பிறகு திரும்பி நின்றாள். தோள்கள் இரண்டும் நேராக இருந்தன. இந்த முறை ஒரு எண்தான் எழுதினேன்.

"பின்பக்கம் நல்லா ஏத்தித் தையுங்கோ. தழும்பு தெரியக்கூடாது."

"ஓம், பிள்ளை. ஒருத்தருக்கும் தெரியாமல் தைச்சுத் தாறன்."

நாளைக்கு ராகினி பிளவுஸை எடுக்க வருவாள். அந்தப் பழைய அளவுப் பக்கத்தைக் காட்டிவிட வேண்டும் என்று, காலையிலிருந்து கொப்பியைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். உங்களிடம் சொல்லிவிட்டேன்... அவளிடம் சொல்ல இன்னும் வாய் வரவில்லை.