கொடியில் காயும் வெள்ளைச் சட்டை

நான் மீஞ்சூருக்கு வேலைக்குப் போகிற காலை ரயிலில்தான் அவரைப் பார்ப்பேன். துறைமுகத்தில் நைட் ஷிப்ட் முடித்து ராயபுரத்தில் ஏறுவார், எண்ணூரில் இறங்குவார். நல்ல உயரம், சீப்புக்கு அடங்காத நரைமுடி, என்றைக்கும் காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு சட்டை.

உட்கார்ந்ததும் போனை எடுப்பார். இத்தாலியிலும் ஜப்பானிலும் ஆளில்லாத கிராமங்களில் பழைய வீட்டை அடிமாட்டு விலைக்கு வாங்கி, சரிபண்ணி, நிம்மதியாகக் குடியேறுகிறவர்களின் வீடியோக்கள்தான் பார்ப்பார். கூரை, சமையல்கட்டு எதையும் கண்டுகொள்ள மாட்டார். வீட்டின் வெளிப்புறம் வந்ததும் நிறுத்தி, இரண்டு விரலால் பெரிதாக்கித் துணிக்கொடியைத் தேடுவார்.

ஒருநாள் கேட்டே விட்டேன்.

“வெள்ளைத் துணி வெளிய காயுது பாரு சார். அப்டின்னா அங்க காத்து நல்லா கீது. எங்க வூட்டாண்ட காயப்போட்டா பவர் பிளான்ட் சாம்பல் படிஞ்சி ஒரே கலீஜு. நாங்க உள்ளாரயே ஃபேன் போட்டுக் காய வெக்கிறோம்.”

“சரி, அந்த வீட்டை வாங்கிட்டா முதல்ல என்ன பண்ணுவீங்க?”

“வெள்ளைச் சட்டை ஒண்ணு வாங்கி, தொவைச்சி, கொடில போடுவேன்.”

“போட்டுக்க மாட்டீங்களா?”

“அது பாட்டுக்கு காயட்டும் சார். குந்திகினு பாக்கணும்.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எண்ணூர் வந்தது. எழுந்தவர் என் வெள்ளைச் சட்டையை ஒரு பார்வை பார்த்தார்.

“அத்திப்பட்டு தாண்டுற வரிக்கும் ஜன்னலாண்ட குந்தாத சார்.”