வடக்கனந்தலில் ஒரு கச்சிதமான பார்க்கிங்

வடக்கனந்தலில் டீ குடித்துவிட்டுத் திரும்பினால், என் காருக்கு முன்னால் புளியமரம், பின்னால் ஒரு சாண் இடைவெளியில் டிரைவிங் ஸ்கூல் கார். மலைமேல் நண்பர் மகளுக்கு இன்னும் ஒரு மணி நேரத்தில் முகூர்த்தம். பல வருடமாக ஓட்டுகிறேன். இந்த இடுக்கிலிருந்து வெளியே வரும் வித்தை மட்டும் கைவரவில்லை.

என் பானெட்டில் சாய்ந்திருக்கும் டிரைவிங் மாஸ்டர் நன்றி சொல்கிறார்.

"வழக்கமா ரெண்டு எருமைய கட்டித்தாங்க பார்க்கிங் சொல்லிக் குடுப்பேன். வண்டி உள்ள வர்றதுக்குள்ள அதுங்க நவுந்துடும். உங்க காரு அசையவே இல்லீங்க."

"சரிங்க, உங்க வண்டியப் பின்னால எடுங்க."

"சாவி இல்லீங்களே. எங்கிட்ட ஒரு அம்மா ஒரு மாசமா ஓட்டிப் பழகுறாங்க, இன்னிக்குதான் கரெக்டா வுட்டாங்க. வூட்டுக்காரரு வந்து பாக்கற வரைக்கும் யாரும் தொடக்கூடாதுன்னு சாவிய எடுத்துக்கினு போயிட்டாங்க."

"போட்டோ அனுப்பலாமே?"

"அனுப்பிச்சாங்க. போட்டோல எல்லாமே கிட்டதான் தெரியும்னுட்டாரு."

"அவரு எங்க இருக்காரு?"

"கள்ளக்குறிச்சில."

"அவ்வளவு தூரம் எதுல போனாங்க?"

என்னை ஏற இறங்கப் பார்க்கிறார். "பஸ்ஸுலதாங்க. கார எடுத்துக்கினு போயிட்டா, அப்புறம் இங்க வந்து இன்னாத்த பாப்பாரு?"