ஆளில்லாத வீட்டுக்குச் சொன்ன சலாம்

சென்னை அஸ்தினாபுரத்தில் அந்த வீடு இன்னும் இருக்கிறது. கட்டுக்கதை என்று சிரிப்பவர்கள் ஒருமுறை போய் ஹால் சுவரைப் பார்த்துவிட்டு வந்து சிரிக்கட்டும். தலை மோதிய பள்ளம் அப்படியே இருக்கிறது.

ஃபாயிசாவின் புருஷன் அஸ்கருக்கு துபாயில் வேலை. மூன்று வயது யாசீனோடு அவள் மட்டும்தான் அந்த வாடகை வீட்டில். தாம்பரத்துத் தையல் கடையிலிருந்து திரும்பிக் கதவைத் திறந்ததும், ஆளில்லாத வீட்டுக்கும் வாய் நிறைய சலாம் சொல்வாள். குர்ஆனின் காவல் வசனமான ஆயத்துல் குர்ஸியை ஓதிப் பிள்ளை மேல் ஊதுவாள். "அல்லாஹ் காவல் இருக்கான். நமக்கென்னடா பயம்?" என்பாள்.

அன்று அந்தி நேரத்து மக்ரிப் பாங்கு அப்போதுதான் முடிந்திருந்தது. கரண்ட் இல்லை. "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று சொல்லி, யாசீனைக் கையில் பிடித்தபடி உள்ளே காலை வைத்தாள். பின்னாலேயே ஒருத்தன் நுழைந்து தாழ்ப்பாள் போட்டான்.

"கத்துன, கொயந்த கயுத்த அறுத்துருவேன். செயினக் கயட்டு."

கழற்றினாள். செயின் நழுவிக் கீழே விழுந்தது. படுபாவி, அவள் முகத்தில் ஓங்கிக் குத்தினான். உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம். யாசீன் வீறிட்டான். திருடன் பிள்ளையின் முடியைப் பிடித்திழுத்துத் தொண்டையில் கத்தியை வைத்தான்.

ஃபாயிசா ஓத வாயெடுத்தாள். நாலு வார்த்தைக்கு மேல் வரவில்லை... தினம் ஓதுவது, மறந்தே போயிற்று.

"யா அல்லாஹ்... என் புள்ள..."

இருட்டான சமையலறையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

அவன் திரும்பினான். "யார்றா உள்ள?"

பிள்ளையை விட்டுவிட்டுக் கத்தியை அந்த இருட்டை நோக்கி நீட்டினான்.

கத்தி பிடித்த கை தானாகப் பின்னால் முறுக்கிக்கொண்டது.

மடக்...

எலும்பு. அவன் அலறினான். ஃபாயிசா பிள்ளையை வாரிக்கொண்டாள்.

அவன் கால்கள் தரையில் இல்லை.

டம்... சுவரில் தலை.

டம்...

டம்...

அலறல் கேட்டு அக்கம்பக்கத்தார் கூப்பிட்ட போலீஸ் அவனை உயிரோடுதான் தூக்கிப் போனது. இரண்டு கைகளும் ஒடிந்திருந்தன.

மறுநாள் பக்கத்து வீட்டு எல்லம்மா கஞ்சி கொண்டுவந்தாள்.

"அல்லாஹ்தான் காப்பாத்துனான்க்கா" என்று அழுதாள் ஃபாயிசா.

"நல்லவேள, உன் வூட்டுக்காரர் உள்ள இருந்தாரு. இல்லன்னா இன்னா ஆயிருக்கும்?"

"அவர் துபாய்ல இருக்காருக்கா. இந்த வீட்டுக்கு வந்ததே இல்லையே!"

எல்லம்மாவின் முகம் வெளுத்தது.

"அப்ப... தெனம் நீ சலாம் சொன்னதும், உள்ளேர்ந்து ஒரு ஆம்பள கொரலு பதில் சொல்லுதே... அது யாரு? நீ குடிவந்த நாள்லேர்ந்து எங்க வூட்டுக்குக் கேட்டுகினு கீதே தாயீ!"

ஃபாயிசாவுக்கு அந்தப் பதில் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.