சிவந்த தண்டுக் கீழாநெல்லி

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் மயிலாப்பூர் ஃபிளாட்டின் சாப்பாட்டு மேசையில் டிபன் வைக்க இடம் இருக்காது. மேசை முழுக்கக் கீழாநெல்லி பரந்து கிடக்கும். அடையாறில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அந்தச் செடியிலிருந்து பில்லாந்தின் என்ற பொருளைப் பிரித்தெடுப்பது என் வேலை. மாட வீதியில் கீரை விற்கும் அம்மாள் எனக்காக ஒரு சாக்குச் செடி கொண்டுவருவாள். "இன்னாமா, உங்க வூட்ல அல்லாருக்குமே மஞ்ச காமாலையா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள். நானும் ஒவ்வொரு முறையும் சிரித்து வைப்பேன்.

சாக்கில் எப்போதும் இரண்டு இனங்கள் கலந்திருக்கும். பார்வைக்கு அக்கா தங்கை போல இருக்கும். தண்டு பச்சையாக இருந்தால் எங்களுக்கு வேண்டியது. தண்டு சிவந்து, இலைக்கு அடியில் காய் காம்பில்லாமல் ஒட்டியிருந்தால் அது வேறு. அதில் பில்லாந்தின் பெயருக்குக்கூடத் தேறாது. ஒவ்வொரு செடியாகத் திருப்பிப் பார்த்துப் பிரிக்க எனக்குப் பொறுமை கிடையாது. என் கணவர்தான் பிரிப்பார். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். வாழ்நாளெல்லாம் விடைத்தாள் திருத்திய கை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "இது பாஸ், இது பாஸ், இது ஃபெயில்" என்று சொல்லியபடியே இரண்டு குவியலாக்குவார். பாஸானதை நான் நிறுத்து நோட்டில் எழுதுவேன்; ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனதும் மறுபடி நிறுத்துச் சரிபார்ப்பேன். ஃபெயிலானதைக் குப்பையில் போடுவது அவர் பொறுப்பு.

எடை விஷயத்தில் நான் கறார். ஒரு பிடி குறைந்தாலும் கடைசியில் கிடைக்கும் பில்லாந்தின் கணக்கு உதைக்கும். ஒருமுறை பக்கத்து ஃபிளாட்டில் யாரோ கேட்டார்கள் என்று அவர் நான் நிறுத்து வைத்த குவியலிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கொடுத்துவிட்டார். ஆடித் தீர்த்துவிட்டேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இனிமே உன் சொத்துல கை வைக்க மாட்டேன், போறுமா?" என்றார்.

பில்லாந்தின் தண்ணீரில் கரையாது, சாராயத்தில் கரையும் என்று ஒரு நாள் அவரிடம் சொன்னேன். "கல்லீரலைக் காப்பாத்த வந்தது சாராயத்துலதான் கரையுமா? நன்னா இருக்குடி நியாயம்!" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். கடைசியில் கிடைப்பது ஊசி ஊசியான நிறமற்ற படிகம், கசக்கும். அதை எலிகளுக்குச் சில நாள் கொடுத்துவிட்டு, பிறகு கல்லீரலைக் கெடுக்கும் ரசாயனத்தைக் கொடுப்போம். முன்கூட்டியே படிகம் தின்ற எலிகளின் ரத்தத்தில் கல்லீரல் நொதிகள் அவ்வளவாக ஏறாது. கல்லீரலும் அதிகம் கெட்டிருக்காது. இதைப் பற்றிக் கேட்க ஆள் கிடைத்தால் நான் விடமாட்டேன்.

அவருக்குக் கண் மஞ்சளானது ஒரு மார்கழியில். ஒரு சொட்டு மது தொட்டவரில்லை. ஏதோ வைரஸ் பல வருஷமாகச் சத்தமில்லாமல் இருந்திருக்கிறது, கல்லீரல் பாதிக்கு மேல் சுருங்கிவிட்டது என்றார் டாக்டர். ஊரில் இருக்கிற எலிகளின் கல்லீரலையெல்லாம் அளந்துகொண்டிருந்த எனக்கு, பக்கத்தில் படுத்திருந்தவரின் கல்லீரல் தெரியவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று, "உன் லேப் குப்பியில இருக்கறத எனக்கும் கொஞ்சம் கொடேன்" என்றார்.

"என்னன்னா இது, குழந்தை மாதிரி? எலிக்குக் குடுக்கறதை மனுஷாளுக்குக் குடுக்க முடியுமா? அதுவும் முன்னாடியே குடுத்தாத்தான். கெட்டுப்போனப்பறம் குடுத்து நாங்க பாத்ததே இல்லை."

"அப்போ நான் எலியைவிட லேட்டு" என்றார்.

இரண்டு பேரும் சிரித்தோம். அதன் பிறகு அவர் கேட்கவே இல்லை. டாக்டர் தந்த மாத்திரைகளை ஒழுங்காகப் போட்டுக்கொண்டார். உப்பில்லாத சாதத்தைக் குறை சொல்லாமல் சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் செடி பிரித்தார். மனுஷர் மனசைத் தேற்றிக்கொண்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். ஆடி பிறப்பதற்குள் போய்விட்டார்.

ஒருத்திக்காகச் சட்னி அரைக்க எனக்குக் கை வரவில்லை. மிக்ஸியின் சின்ன ஜார் அலமாரியிலேயே கிடந்தது. போன மாதம் விருந்தாளி வருகிறார்கள் என்று எடுத்தேன். மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றினால், உள்ளே பச்சையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. கொத்தமல்லி என்று நினைத்துச் சுரண்டினேன். கடுகைவிடச் சின்ன விதைகள் விரலில் ஒட்டின. கீழாநெல்லி.

நான் வேலைக்குப் போனபிறகு அரைத்துக் குடித்திருக்கிறார். என்னிடம் தேறிவிட்ட முகத்தைக் காட்டிவிட்டு, பிழைத்துவிட ஆசைப்பட்டிருக்கிறார். "திருடா" என்று வாய்விட்டுச் சொன்னேன். அழுகையோடு சிரிப்பும் வந்தது. அப்புறம்தான் உறைத்தது: நோட்டில் எந்த வாரமும் எடை குறையவில்லையே.

மறுநாள் விதைகளைத் தாளில் மடித்து எடுத்துப்போய் நுண்ணோக்கியில் வைத்தேன். எங்களுக்கு வேண்டிய செடியின் விதையில் கோடுகள் நீளவாக்கில் ஓடும். சிவந்த தண்டுக்காரியின் விதையில் குறுக்காக இருக்கும். ஒன்பது விதைகள். ஒன்பதிலும் குறுக்குக் கோடுகள்.

என் குவியலில் கை வைக்கவில்லை. தன் கையாலேயே ஃபெயில் என்று ஒதுக்கியதை அரைத்துக் குடித்திருக்கிறார். அதில் ஒன்றும் இல்லை என்று என்னைப் போலவே அவருக்கும் தெரியும்.

நல்லதைக் குடித்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார். அது எனக்குத் தெரியாதா? ஆனாலும் அந்தப் பச்சைத் தண்டுக் குவியலில் ஒரே ஒரு பிடி எடுத்திருக்கலாம். எடை குறைந்திருக்கும். நான் கண்டுபிடித்து வீட்டை இரண்டாக்கியிருப்பேன். மூன்றாம் நாள் அவர் காபி கொண்டுவந்து வைத்திருப்பார். அந்தச் சண்டைக்காகத்தான் இப்போது ஏங்குகிறேன்.