இலைக் குழியில் எரேமியா

தேங்காயெண்ணெயும் நல்லமிளகுமாக ஆட்டுக்கறி கொதிக்கும் வாசனை வந்தால் மற்றவர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறும். நான் இன்றைக்கும் எழுந்து வெளியே போய்விடுவேன். இராஜாக்கமங்கலம் பக்கம் எங்கள் ஊர்க் கிறிஸ்தவ சபையில் ஆண்டுக்கொருமுறை "அசனம்" நடக்கும். கோயில் வளாகத்தில் ஊரே பந்தி பந்தியாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது நடந்த அசனத்தில் வந்த பழக்கம் அது.

அந்த வருஷம் அசனத்துக்கு முன்னால் எரேமியா தீர்க்கதரிசியின் நாடகம் வைத்தார்கள். எரேமியாவாக நடிக்க இருந்த வாத்தியார் காய்ச்சலில் படுத்துவிட, மணியடித்துக் கோயிலைப் பெருக்கும் "கோயில்குட்டி"யைப் பிடித்து நிறுத்தினார்கள். பெரியவர், சிறியவர் எல்லாருமே அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். ஒத்திகை நாட்களில் விளக்குமாற்றோடு ஓரத்தில் நின்று கேட்டே வசனம் முழுக்க அவருக்கு மனப்பாடமாகியிருந்தது. தேங்காய்த் தும்பில் தாடி ஒட்டிக்கொண்டு அவர் கோயில் வாசலில் நின்று, அநாதையையும் விதவையையும் நசுக்கிவிட்டு இங்கே வந்து தொழுதால் கடவுள் ஏற்பாரா என்று கேட்டபோது பெண்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்கள். சபைச் செயலாளரான என் அப்பாகூட மூக்கைச் சிந்தினார். இப்படிக் கேட்டதற்காகத்தான் வேதத்தில் எரேமியாவை அடித்தார்கள், காலைத் தொழுமரத்தில் மாட்டினார்கள், அவர் சொல்ல எழுதிய சுருளை எரித்தார்கள், கடைசியில் சேறு கிடந்த குழியில் இறக்கினார்கள்.

நாடகத்துக்கும் குழி வேண்டுமே. எச்சில் இலை போடுவதற்கென்று கோயிலுக்குப் பின்னால் ஆளுயரத்துக்கும் அதிகமாகப் புதிதாக வெட்டியது ஒன்று இருந்தது. முந்தின நாள் மழையில் அடியில் சேறும் கிடந்தது. இதைவிடப் பொருத்தமாக எங்கே கிடைக்கும் என்று அப்பாவுக்கு ஒரே பெருமை. கூட்டம் சுற்றி நிற்க, கயிற்றைக் கட்டி அவரை இறக்கினார்கள். அடுத்து நான் வர வேண்டும். எரேமியாவுக்காக ராஜாவிடம் மன்றாடி, கயிறு உரசிப் புண்ணாகாமல் அக்குளில் வைத்துக்கொள்ளப் பழந்துணியும் போட்டு, அவரைத் தூக்கிவிடும் எத்தியோப்பியன் வேஷம் எனக்கு. துணி மூட்டை என் கையில்தான் இருந்தது.

அந்நேரம் சோறு வெந்துவிட்டது. மீதி நாடகம் அசனத்துக்குப் பிறகு என்று அப்பா மைக்கில் சொல்லி முடிப்பதற்குள் பாட்டு அலறியது, கூட்டம் முதல் பந்திக்கு ஓடியது. நானும் ஓடினேன். தரை ஈரமாக இருந்ததால் அந்தத் துணி மூட்டையைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, கறியை மறுமுறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். கோயில்குட்டியும் அவர் வீட்டாரும் என்றைக்கும் கடைசிப் பந்திதான். அதனால் அவரைக் காணோமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

எழுந்தபோதுதான் துணியைப் பார்த்தேன். நான் ஓடிச் சேருவதற்குள், இலை எடுத்தவர்கள் பேச்சு வாக்கில் ஒரு பெரிய ஓலைப்பெட்டியான "கடவம்" நிறைய எச்சில் இலையைக் குழிக்குள் கவிழ்த்துவிட்டார்கள். உள்ளே முழங்கால்வரை சேற்றில், தும்புத் தாடியில் சோறும் எலும்பும் ஒட்டியிருக்க, அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மைக்ல சொன்னது கேட்டுது மக்கா. என்னை ஏத்தி விட்டுட்டுப் போவியண்ணு நெனச்சேன்."

கூப்பிட்டாராம், பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. துணியைப் போட்டேன். நாடகத்தில் உள்ளபடியே அதை அக்குளில் வைத்துக்கொண்டார். நாலுபேர் தூக்கினார்கள். எரேமியா இன்றைக்கு வேஷத்தைக் கலைக்கவே மாட்டேன் என்கிறார் என்று அப்பா கேலி செய்ய, ஊர் சிரித்தது. குழியைவிட அந்தச் சிரிப்புதான் என்னை உலுக்கிப் போட்டது. அவர் குழாயடியில் தலையைக் கழுவிவிட்டு, கடைசிப் பந்தி வரும்வரை ஈரத்தோடு நின்றார். மீதி நாடகத்தை யாரும் கேட்கவில்லை.

இப்போது அசனம் பொட்டலமாக வீட்டுக்கே வந்துவிடுகிறது. பந்தி இல்லை, இலை இல்லை. குழி இருந்த இடத்தில் கல் பதித்துக் கார் நிறுத்துகிறார்கள். போன மாதம் கோயில்குட்டி இறந்துபோனார் என்று கேள்விப்பட்டு அடக்கத்துக்குப் போனேன். போதகர் தங்கையா, தங்கையா என்று ஜெபித்தபோது, இடம் மாறி வந்துவிட்டேனோ என்று பக்கத்தில் நின்றவளிடம் கேட்டேன். கோயில்குட்டியின் பெயர்தான் என்றாள்.

பெட்டியைக் கயிற்றில் இறக்கினார்கள். கயிறு மட்டும் மேலே வந்தது.